சின்னவள் தூங்க மாட்டாள்: ஒரகடத்திலிருந்து ஓர் உறக்க வரலாறு

"பெரியவன் போட்ட எடத்துல தூங்கிடுவான் மேடம். சின்னதுதான் உசுர வாங்குது."

ஒரகடத்தைச் சுற்றியுள்ள பண்ருட்டி, மாத்தூர், வல்லம், எழிச்சூர் ஊர்களில் லைன் வீடுகளில் குடியிருக்கும் பெண்களிடம் நான் பேசப் போனது வேறு விஷயத்துக்காக. வேலையில் சேர்ந்து மூன்று நான்கு வருடங்களில் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று கேட்கத்தான் போனேன். சம்பளம், ஒப்பந்தம், மேற்பார்வையாளரின் வாய் என்று பதில் வரும் என எதிர்பார்த்தேன். அவையும் வந்தன. ஆனால் இரண்டு பிள்ளை பெற்றவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். முதல் பிள்ளை பிறந்த பிறகும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டாவது பிள்ளை தூங்கவில்லை, நின்றுவிட்டார்கள். சிலருக்கு இது தலைகீழ்: முதல் பிள்ளை தூங்கவில்லை, அதனால் நின்றார்கள், இரண்டாவது தூங்கியது, மறுபடி போனார்கள். எப்படியானாலும் ஒரு பெண்ணின் வேலையை முடிவு செய்திருப்பது எட்டு மாதக் குழந்தையின் உறக்கம்.

இதைச் சொன்ன உடனே ஒவ்வொருத்தியும் அடுத்த வாக்கியத்தில் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளவும் தவறவில்லை. "எனக்குத்தான் பழக்கத் தெரியல." மாமியார் சொல்லியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறார், கணவனும் சொல்லியிருக்கிறான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்றைத் தூங்க வைக்கத் தெரிந்த கைக்கு இன்னொன்றை ஏன் தெரியாமல் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் போகிறது.

குழந்தைகள் ஒரே மாதிரி தூங்குவதில்லை என்பது தமிழுக்குப் புதிய செய்தி இல்லை. தூங்கு என்ற சொல்லுக்கே பழைய பொருள் தொங்கு, அசை, ஊசலாடு என்பவைதாம். உறக்கத்தைச் சொல்லத் துஞ்சு, உறங்கு என்ற சொற்கள் இருந்தன. சோழன் ஒருவன் அழித்ததாகச் சொல்லப்படும் தூங்கெயில், அந்தரத்தில் தொங்கிய கோட்டை. தூங்கிக்கொண்டிருந்த கோட்டை இல்லை. தூங்கணாங்குருவியும் தூக்கத்துக்குப் பேர்போன பறவை இல்லை. தொங்குகிற கூட்டைக் கட்டுகிற பறவை. வள்ளுவரிடம் இதே வினை, காலம் தாழ்த்துதல் என்ற பொருளில் வரும். தொங்கி அசைவது எப்படி உறக்கமாயிற்று என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் விளக்கட்டும். தூளியில் ஒரு பிள்ளையைப் போட்டு ஆட்டியவளுக்கு விளக்கம் தேவைப்படாது. தாலாட்டு என்பதில் இருக்கும் தால் நாக்கு. நாவை அசைத்து ஒலிக்கிற குலவையோசைதான் அதன் அடி. ஆக, நம் மொழியில் குழந்தையின் உறக்கத்துக்கான சொற்களுக்குள்ளேயே இன்னொருவரின் கையும் நாக்கும் இருக்கின்றன. குழந்தை தானாகத் தூங்கும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொற்களில் இல்லை.

பிள்ளைத்தமிழ் இலக்கணம் தாலப் பருவத்தை மூன்றாவது பருவமாக வைக்கிறது. அந்தச் சிற்றிலக்கியங்களில் தெய்வக் குழந்தை அடம்பிடிக்காமல் தாலாட்டைக் கேட்டுக்கொண்டு கிடக்கும். எனக்கு அவற்றைவிடப் பெரியாழ்வார் பிடிக்கும். அவர் ஒன்பதாம் நூற்றாண்டு ஆண்; பிள்ளை பெற்றவர் இல்லை. ஆனாலும் யசோதையின் வாயாக அவர் சொல்லும் ஒரு பாசுரத்தில், தொட்டிலில் விட்டால் உதைத்தே கிழித்துவிடுவான் போலிருக்கிறது. இடுப்பில் வைத்தால் இடுப்பை ஒடிக்கிறான். மார்போடு இறுக்கிக்கொண்டால் வயிற்றில் பாய்கிறான். தாங்கச் சத்தில்லாமல் நான் இளைத்துப் போனேன் என்று ஒரு தாய் தன் தோழியிடம் முறையிடுகிறாள். வைணவ உரைகள் இதில் கண்ணனின் பெருமையைக் காணும். நான் காண்பது மூன்று உத்தியையும் செய்து பார்த்துவிட்ட ஒருத்தியின் களைப்பு. கிடத்துவது, எடுப்பது, அணைப்பது. இந்தப் பிள்ளைக்கு எதுவும் ஒத்துவரவில்லை. அவள் தனக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளை இப்படி, என் உடம்பு இப்படி என்கிறாள். இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் நாலாயிரமும் ஓதப்படுகிறது. அங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஒரகடம்.

பெண்கள் தாமே கட்டிய தாலாட்டுகளில் இந்தக் களைப்பு இன்னும் வெளிப்படை. நா. வானமாமலை போன்றோர் திரட்டிய நாட்டுப்பாடல் தொகுப்புகளைப் புரட்டினால் தெரியும். அழுகிற பிள்ளையிடம் உன்னை அடித்தது யார் என்று கேட்டு, உறவுமுறைகளை ஒவ்வொன்றாக அழைத்து நிறுத்தும் பாடல்கள் ஊர்தோறும் உண்டு. பிள்ளையை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். வீட்டில் அடிபட்டது யார் என்பது கேட்பவளுக்குத் தெரியும். தாலாட்டு குழந்தையை ஆற்றியதா தாயை ஆற்றியதா என்று என் மாணவிகளிடம் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். எனக்கு இரண்டாவது கட்சிதான். பாட்டு நீளமாக இருப்பதற்குக் காரணம் சில பிள்ளைகள் நேரம் எடுத்துக்கொள்வது. அந்த நேரத்தில் ஒருத்திக்கு வாய் திறந்து குறை சொல்ல அனுமதி கிடைத்தது.

அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. தூளியை ஆட்டியது யார்? தாய் வயலுக்குப் போன பிறகு பெரும்பாலும் அக்காக்காரிதான். ஆறு வயது, ஏழு வயதுப் பெண். தூளியின் முனையில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கையில் அரிசி புடைத்தபடி தம்பியைத் தூங்க வைத்த பெண்களின் தலைமுறை நம் வீடுகளிலேயே இருக்கிறது. என் பெரியம்மா மூன்றாம் வகுப்போடு நின்றது அவருடைய மூன்றாவது தம்பி ஆட்டினால்தான் தூங்குவான் என்பதால். அந்தத் தம்பிக்கு முந்தையவன் தானே விரல் சூப்பித் தூங்குவானாம். "அவன மாதிரி இவனும் இருந்திருந்தா நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருப்பேன்" என்று எழுபது வயதிலும் சொல்வார். உடன்பிறந்தோரின் உறக்க வேற்றுமைக்குத் தமிழ்நாட்டில் பெண் குழந்தைகள் படிப்பைக் கொடுத்து விலை கட்டியிருக்கிறார்கள். அதற்கு எந்தக் கணக்கெடுப்பிலும் பத்தி கிடையாது.

வயலுக்கும் தூளிக்கும் இடையில் ஏதோ ஒரு விதத்தில் ஒத்துப்போன இந்த ஏற்பாடு, ஆலைச் சங்கு வந்த இடத்தில் உடைந்தது. சங்கு ஊதும் நேரத்தில் தாய் வாசலில் நிற்க வேண்டும். பிள்ளை அதற்கு முன் தூங்கியாக வேண்டும். தூங்காத பிள்ளைக்கு என்ன செய்வது? இங்கிலாந்தின் பஞ்சாலை நகரங்களில் காட்ஃப்ரேஸ் கார்டியல் என்ற பாகு விற்றது. வெல்லப்பாகில் அபின். தொழிற்சாலை மாவட்டங்களில் சிசுக்களுக்கு அபின் தரப்படுவதை மார்க்ஸ் மூலதனத்தில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் மிசஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப் வந்தது, அதில் மார்ஃபின். 'சூதிங்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆற்றுவது, தேற்றுவது. புட்டியின் மேல் தாய்மைப் படம்.

பம்பாயில் அதன் பெயர் பாலகோலி. சிறுபிள்ளைகளுக்கான மாத்திரை என்று பொருள். 1920களின் தொடக்கத்தில் பம்பாய் அரசு ஆலைப் பெண்களின் நிலையை ஆராய டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவரை அமர்த்தியது. ஆலைத் தொழிலாளிப் பெண்களின் சிசுக்களில் 98 விழுக்காட்டுக்கு அபின் தரப்படுகிறது என்று அவர் எழுதினார். 98 என்ற எண்ணை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இயல்பிலேயே நன்றாகத் தூங்கும் பிள்ளைகளும் அதற்குள் இருந்திருக்க வேண்டும். தானாகத் தூங்கும் பிள்ளைக்கும் தூங்காத பிள்ளைக்கும் வித்தியாசம் பார்க்க ஆலை நேரம் விடவில்லை. எல்லோருக்கும் ஒரே உருண்டை. அக்காலத்து அறிக்கைகள் பல, அறியாமை மிகுந்த தாய்கள் என்ற தொனியில்தான் இதைப் பேசின. வேலை நேரம் எத்தனை மணி என்பது அதே அறிக்கைகளின் வேறு பக்கத்தில் இருக்கும்.

நம் பக்கத்தில் வசம்பு இருந்தது. பேர் சொல்லாதது என்றும் பிள்ளை வளர்ப்பான் என்றும் அதற்குப் பெயர். வளர்த்தது வசம்பு என்றால் வளர்த்தவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும், அது போகட்டும். பிறகு கிரைப் வாட்டர் வந்தது. 1851இல் நாட்டிங்காம் நகரத்து மருந்துக்காரர் வில்லியம் உட்வர்ட் உருவாக்கிய அந்த நீரில் வெகுகாலம் ஆல்கஹால் கலந்திருந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள் வரிசையாக அதைப் பரிந்துரைப்பார்கள். பாட்டி, அம்மா, மகள். எந்தப் பிள்ளை அழுதாலும் ஒரே பதில்.

மருந்தோடு கூடவே ஒழுங்கும் வந்தது. 1894இல் அமெரிக்க மருத்துவர் எம்மெட் ஹோல்ட் குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டார். அழுகிற பிள்ளையை அழவிட்டுவிடுவது அதில் ஒரு பாடம். நியூசிலாந்தில் 1907இல் ட்ரூபி கிங் தொடங்கிய பிளங்கெட் சங்கம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பால், இரவில் பால் கிடையாது என்று கடிகாரத்தைத் தொட்டிலுக்கு மேல் மாட்டியது. 1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் பிள்ளைகளைக் கட்டியணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள் என்று புத்தகமே போட்டார். எழுதிய மூவரும் ஆண்கள், படித்தவர்கள் பெண்கள். குழந்தைகளுக்குள் வேறுபாடு உண்டு என்று இந்தக் கடிகாரங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாக் குழந்தையும் ஒன்றுதான். நேரத்தில் தூங்கவில்லை என்றால் தாய் இடம் கொடுத்துவிட்டாள் என்று பொருள்.

இதை உடைக்க முனைந்தவர்களில் ஒருவர் பெண். நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற குழந்தை மனநல மருத்துவர் தன் கணவர் அலெக்சாண்டர் தாமஸோடு சேர்ந்து 1956இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உறக்கமும் பசியும் எவ்வளவு ஒழுங்காக வருகின்றன, புதிதான ஒன்றை எப்படி எதிர்கொள்கிறது, அழுகையின் வேகம் என்ன என்று ஒன்பது கூறுகளில் பதிந்தார்கள். பத்தில் நான்கு பிள்ளைகள் சுலபமானவை. பத்தில் ஒன்று கடினமானது. இன்னும் சில மெதுவாக இளகுபவை. மூன்றில் ஒரு பங்கு எந்த வகையிலும் அடங்கவில்லை. அந்தக் கடைசிப் பங்குதான் எனக்கு ஆய்வின் நேர்மையைக் காட்டுகிறது. பிள்ளையின் எல்லாக் கோளாறுக்கும் தாயைக் காரணம் காட்டுவது அமெரிக்க மனநல மருத்துவத்தில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. செஸ் 1964இல் ஒரு தலையங்கம் எழுதினார். கடல் நோய், மலை நோய் என்பதற்கான பிரெஞ்சுச் சொற்களைப் போல அதற்குத் தாய் நோய் என்று பொருள்பட ஒரு தலைப்பை வைத்தார். நோய் தாயிடம் இல்லை, தாயைத் தேடிப் போகும் மருத்துவர்களிடம் என்பது அதன் கிண்டல்.

1970களில் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற ஆய்வாளர் எளிமையான ஒரு காரியம் செய்தார். குழந்தைகள் தூங்கும் அறையில் வீடியோ கருவியை வைத்து இரவு முழுவதும் பதிந்தார். இரவெல்லாம் அசையாமல் தூங்குவதாகப் பெற்றோர் சொன்ன பிள்ளைகளும் விழித்துக்கொண்டிருந்தன. விழித்து, கொஞ்சம் புரண்டு, விரலைத் தேடி வாயில் வைத்து, மறுபடி உறங்கின. மற்றவை விழித்ததும் குரல் கொடுத்தன. எல்லாப் பிள்ளையும் விழிக்கும். சிலது சொல்லும், சிலது சொல்லாது. தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் குழந்தை என்ற சொற்றொடர் ஆய்வு உலகில் பரவியது இங்கிருந்துதான். ஒரகடத்துப் பெரியவன் போட்ட இடத்தில் தூங்கிவிடுகிறான் என்றால், இரவு இரண்டு மணிக்கு அவனும் விழித்திருப்பான். அம்மாவைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சின்னவள் கூப்பிட்டாள். குரல் கொடுப்பவளைப் பிசாசு என்றும் கொடுக்காதவனைத் தங்கம் என்றும் சொல்லும் பழக்கம் நமக்கு வேறு இடங்களிலும் உண்டு என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டியதில்லை.

இயல்பு மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. 1987இல் ராபர்ட் பிளோமின், டெனிஸ் டேனியல்ஸ் இருவரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார்கள். ஒரு வீட்டில் வளர்வதால் பிள்ளைகள் ஒன்றுபோல ஆவதில்லை. அவரவருக்கு மட்டும் நேர்கிற அனுபவங்கள் அவர்களை வேறாக்குகின்றன என்பது அவர்கள் வாதம். தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு இதைப் புரிந்துகொள்ள ஆய்வு வேண்டாம், தலைப்பிரசவம் போதும். முதல் பிள்ளை பிறப்பது தாய் வீட்டில். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம் என்று வையுங்கள். உத்திரத்தில் பழைய சேலையில் தூளி. ஆட்ட அம்மா, ஆயா, கல்யாணமாகாத தங்கச்சி. மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் பிள்ளை ஒரகடத்துக்கு வருகிறது. அதற்குள் தாயின் உறக்கம் ஓரளவு தேறியிருக்கும். இரண்டாவது பிள்ளைக்கு அந்த ஏற்பாடு இல்லை. பெரியவனுக்குப் பள்ளி, கணவனுக்கு ஷிஃப்ட், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பிறந்த பதினைந்தாம் நாள் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறைக்கு வருகிறது. ஒரே அப்பா அம்மா. ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் பிறக்கவில்லை.

அந்த அறையில் தூளி கட்ட இடமில்லை. இதை நான் சாதாரணச் செய்தியாகத்தான் முதலில் குறித்துக்கொண்டேன். ஓட்டு வீட்டில் உத்திரம் இருக்கும். சொந்தமாக வீடு கட்டுபவர்கள் காங்கிரீட் போடும்போதே மின்விசிறிக் கொக்கியோடு தூளிக்கென்று இன்னொரு கொக்கி விடுவார்கள். வாடகைக்கென்றே வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் யாருக்கும் அது தோன்றவில்லை. அவை தனியாள்களுக்காகக் கட்டப்பட்டவை. ஷீட் கூரையின் இரும்புக் குழாயில் கட்டலாம். வெயில் நேரத்தில் அந்தச் சூடு நேராகப் பிள்ளையின் முகத்தில் இறங்கும். இரும்பு ஸ்டாண்டில் தொங்கும் ஸ்பிரிங் தூளி கடையில் கிடைக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் அதை விரித்தால் பெரியவன் படுக்க இடமில்லை. தரையில் சமமாக, மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு என்கிறார்கள் மருத்துவர்கள். சரிதான். தரையில் போட்டால் தூங்கும் பிள்ளைக்கு அது சரி.

அசைவைத் தேடும் பிள்ளைகள் வீம்பு பிடிப்பதில்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அதன் இதயத் துடிப்பு சட்டென்று குறைந்து உடல் தளர்கிறது, உட்கார்ந்தால் அந்த விளைவு போய்விடுகிறது என்று 2013இல் ஜப்பானின் ரிகென் ஆய்வகத்தில் எஸ்போசிட்டோ, குரோடா குழுவினர் காட்டினார்கள். எலிக்குஞ்சுகளிடமும் அதே எதிர்வினை. ஆடுவதற்குப் பிள்ளையின் உடம்பு தயாராக வருகிறது; எவ்வளவு ஆட்டம் தேவை என்பதில்தான் ஒன்றுக்கொன்று மாறுகிறது.

என் வீட்டிலும் இரண்டு பெண்கள். பெரியவளுக்கு என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். சின்னவளைத் தொட்டாலே விழித்துக்கொள்வாள். தனியாக விட்டுவிட வேண்டும், போர்வை நுனி ஒன்று போதும். பெரியவள் கைக்குழந்தையாக இருந்த ஒன்றரை வருடத்தில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயல்கூட நகரவில்லை. சின்னவள் பிறந்த பிறகு மூன்று இயல்கள் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் என் உழைப்பைப் பாராட்டினார்கள். அந்த உழைப்பில் பாதி, தொடாமல் தூங்கிய ஒரு குழந்தையின் இயல்பு.

எனக்குத் தள்ளிப்போட முடிந்தது. ஒரகடத்தில் தள்ளிப்போட எதுவும் இல்லை. நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியபோது பள்ளி முடித்த ஆயிரக்கணக்கான பெண்கள் முதல்முறையாகச் சீருடை போட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. அதற்குள் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடம் வண்டிகளின் ஊராகிவிட்டிருந்தது. வண்டலூர் வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் வெட்டிக்கொள்ளும் அந்தச் சந்திப்பில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால் ஷிஃப்ட் என்றால் என்னவென்று தெரியும். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் இறங்குகிறார்கள், காலை ஷிஃப்ட்காரர்கள் ஏறுகிறார்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. பிறந்த குழந்தைக்குப் பகல் இரவு பிடிபடவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அந்தப் பிள்ளையின் தாய்க்கு ஒவ்வொரு வாரமும் பகல் இரவு மாறிக்கொண்டிருக்கும்.

பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்றிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்றது. பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதி. சமத்துவத்தின் பக்கம் நின்ற தீர்ப்பு அது; நான் அதை எதிர்க்கவில்லை. இரவு வேலை பார்த்துவிட்டு வந்த பெண் பகலில் தூங்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் தீர்ப்பாக எழுத முடியவில்லை. பண்ருட்டியில் ஒரு பெண் சொன்னார்: "நைட்டு முடிச்சு ஆறே முக்காலுக்கு வருவேன். பெரியவன் இருந்தப்ப அவன் பக்கத்துல படுத்தா அவனும் தூங்குவான், நானும் தூங்குவேன். இவ எட்டு மணிக்கு எழுந்து என் கண்ண நோண்டுவா. தூங்காம மறுபடி போய் லைன்ல நின்னா கை நடுங்குது. ஒரு தடவ ஸ்க்ரூ மாத்திப் போட்டுட்டேன்." அடுத்த மாதம் அவர் நின்றுவிட்டார். மாமியார் ஊரில் எல்லோரிடமும், மருமகளுக்குப் பிள்ளை வளர்க்கப் பொறுமையில்லை என்கிறார். மருமகள் அதை எனக்குச் சொன்னபோது மாமியாரைத் திட்டவில்லை. "அத்தை ஆறு பெத்தவங்க. அதுல எத்தன தூங்குச்சுன்னு அவங்களுக்கே ஞாபகம் இல்ல" என்றார்.

சட்டம் எண்களில் பேசுகிறது. 1961 மகப்பேறு பயன் சட்டம் 12 வாரம் தந்தது. 2017 திருத்தம் அதை 26 வாரமாக்கியது; உயிரோடு இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்த பேற்றுக்கு 12தான். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். அரசு அலுவலகத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு வருடம், ஒரகடத்தில் பிறப்பதற்கு ஆறு மாதம். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. 15 மாதம் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளைகள். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. விடிகாலைக் கம்பெனி பஸ்ஸில் தூங்கும் பிள்ளையை மடியில் வைத்து ஒரு மணி நேரம் பயணம் செய்து காப்பகத்தில் விடுவது, சட்டம் எழுதியவர்களின் கற்பனையில் இருந்திருக்காது. அங்கன்வாடி இருக்கிறது, ஆனால் பிள்ளை உட்கார்ந்து படிக்கிற வயதுக்கு அது. எட்டு மாதத்துச் சின்னவளுக்கு அங்கே இடமில்லை. தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, 1992இல். கைவிடப்படும் பெண் சிசுவுக்கு அரசு தொட்டில் வைத்தது. கைவிட மறுத்து வேலைக்கும் போக நினைப்பவளின் பிள்ளைக்குத் தொட்டில் எங்கே?

இலங்கை மலையகத்தில் இதற்குப் பழைய பெயர் உண்டு: பிள்ளைக் காம்பரா. விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய் பிள்ளையை அங்கே விட வேண்டும். வரிசையாக ஏணைகள், ஓர் ஆயா. தோட்ட நிர்வாகம் அன்பினால் கட்டியதில்லை. தாய் நேரத்துக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும் என்பதால் கட்டியது. ஆனாலும் ஏணை இருந்தது, ஆட்ட ஒரு கை இருந்தது. ஒரு கைக்கு எத்தனை ஏணை என்பது வேறு கதை. நூறு ஆண்டுப் பழைய கொடுமையான தோட்டத்துக்குக்கூடப் பிள்ளை என்று ஒன்று இருப்பது கணக்கில் இருந்தது.

இன்றைய தொழில் வழித்தடம் அதைவிடச் சுலபமான வழியைக் கண்டிருக்கிறது: பிள்ளை இல்லாதவர்களை எடுப்பது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐஃபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் அந்நிறுவனத்தின் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் நஞ்சேறி, பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்களே, அந்தப் போராட்டத்தின் நிழல் இந்தக் கட்டடத்தின் மேல் இருக்கிறது. நல்ல விடுதி வந்தது நல்லதுதான். விடுதி என்பது தனியாள் கணக்கு. அங்கே இருக்கும்வரை ஒருத்தி தொழிலாளி. கல்யாணமாகி லைன் வீட்டுக்கு மாறி இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டால், பிள்ளையின் உறக்கம் அவளுடைய சொந்த விஷயமாகிவிடுகிறது.

எனவே மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. உங்கள் அம்மாக்களிடமும் அத்தைகளிடமும் வேலையைப் பற்றிப் பேட்டி எடுக்கும்போது, எப்போது நின்றீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அப்போது வீட்டில் எத்தனை மாதப் பிள்ளை இருந்தது, அது எப்படித் தூங்கும், அதற்கு முந்தையது எப்படித் தூங்கியது, யார் ஆட்டினார்கள் என்றும் கேளுங்கள். சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு பெண் இப்படிக் கேட்டுவிட்டு வந்து, தன் அம்மா வேலையை விட்டது தன்னால்தான் என்று கண்கலங்கினாள். அவள் இரண்டாவது. உன்னால் இல்லை என்று நான் சொல்வதற்குள், பக்கத்தில் இருந்த அவள் தோழி, "உங்க வீட்டுல கொக்கி இருந்துச்சாடி?" என்று கேட்டாள்.

மாத்தூரில் ஒரு வீட்டுக்காரம்மா பழைய ஷீட் வரிசையை இடித்துவிட்டு ஆறு அறைகள் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். குடும்பக்காரர்கள்தான் இப்போது அதிகம் வருகிறார்களாம். ஒவ்வொரு அறையிலும் மின்விசிறிக் கொக்கியோடு இன்னொன்றும் விடச் சொல்லிக் கம்பி கட்டுபவரிடம் சொல்லியிருப்பதாகக் காட்டினார். அதற்காக வாடகை கூட்டுவீர்களா என்று கேட்டேன். "கம்பி என்ன விலை விக்குது, பாத்தீங்களா?" என்றார்.